ஒரே காவலர், ஒரே விதி, இரண்டு காவல் நிலையங்கள்: நடத்தை மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் முதுகலைச் சட்டம் படிக்கும் மாணவி. என் அண்ணன் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, ஆயுதப்படையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு தாலுகா காவல் நிலையப் பணிக்கு வந்தவர். அவரை வைத்துத்தான் இந்தக் கேள்வியே எழுந்தது என்பதால், ஊரையும் நிலையத்தையும் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

அவர் முதலில் பணியாற்றிய நிலையத்தில், மறுநாளைக்கு யாருக்கு என்ன பணி என்பதை முந்தைய நாள் மாலையே பலகையில் எழுதிவிடுவார்கள். காலை ரோல் காலில் ஆய்வாளர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பணியை மாற்ற வேண்டியிருந்தால் காரணத்தையும் சொல்லுவாராம். அந்த நாட்களில் அண்ணன் வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதே, கைது செய்யும்போது எழுதும் ஆவணமான கைது குறிப்பாணையைப் பற்றிப் பேசுவார். கைதானவரின் அம்மா கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்ததையும், அந்த அம்மாவுக்குக் குறிப்பாணையை முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் வாங்கினோம் என்பதையும் ஒருமுறை சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

இப்போது இருக்கும் நிலையத்தில், பணிப் பட்டியலை எழுதும் ரைட்டருக்கு யார் வேண்டியவரோ அவருக்கு இலகுவான பணி. தன் குழந்தையின் காதுகுத்துக்கு அண்ணன் 2 நாள் விடுப்புக் கேட்டார். ஆள் இல்லை என்று மறுத்தார்கள். அதே 2 நாட்கள் வேறொருவருக்கு விடுப்பு தரப்பட்டது. இரவுப் பந்தோபஸ்து முடிந்து விடிந்து வந்தவருக்கு, காலை ரோல் காலுக்கு 20 நிமிடம் தாமதம் என்று விளக்கம் கேட்டு மெமோ. அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. இந்த 8 மாதங்களில் அவர் பேச்சு மாறிவிட்டது. கைது செய்த நேரத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று மேலே சொன்னால், அவரும் நிரப்புகிறார். நான் கேட்டபோது, “எனக்கு எந்த விதியும் இல்லாத இடத்தில் நான் மட்டும் யாருக்காக விதி பார்க்க வேண்டும்?” என்றார்.

அதே மனிதர்தான், படித்த பயிற்சியும் அதே பயிற்சிதான், சட்டமும் மாறவில்லை. மேலதிகாரி தன்னை நடத்தும் விதமும் நிலையத்தின் பழக்கமும் ஒரு காவலரின் விதி மதிக்கும் குணத்தை இந்த அளவுக்கா மாற்றும்? இதற்கு ஆய்வு அடிப்படை ஏதேனும் உண்டா, அல்லது என் அண்ணன் சொல்வது வெறும் சாக்குத்தானா? அனுபவம் உள்ளவர்களும் படித்தவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில் 1: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

அம்மா, உங்கள் அண்ணன் சொன்னது சாக்கும்தான், உண்மையும்தான். 33 ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு காவல் நிலையத்தில் விதி எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் பொது நாட்குறிப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும். நிலையத்தில் நடப்பது அத்தனையும் நேரத்தோடு அதில் ஏற வேண்டும்: யார் பாராவில் நின்றார், யார் எந்த வேலையாக வெளியே போனார், யாரை எத்தனை மணிக்கு அழைத்து வந்தார்கள் என்பதெல்லாம். நான் வேலை பார்த்த சில நிலையங்களில் மாலையில் 4 அல்லது 5 வரிகளை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பதிவைத் தொடங்குவார்கள். அந்த வெற்று வரிகள் எதற்கென்று புதிதாக வந்த பையனுக்குக்கூட ஒரே வாரத்தில் புரிந்துவிடும். சந்தேகத்தின் பேரில் ஒருவரை மாலையில் கொண்டுவந்து, அவரிடமிருந்து ஏதாவது கிடைத்தால் மறுநாள் காலை கைது என்று எழுதுவதற்கும், கிடைக்காவிட்டால் அவர் வரவே இல்லை என்று ஆக்குவதற்கும் விடப்படும் இடம் அது. இதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நிலையத்தின் பழக்கம் சொல்லித் தருகிறது.

ஒருமுறை எங்கள் நிலையத்துக்கு ஒரு பெண் ஆய்வாளர் மாறுதலில் வந்தார். அவர் வந்த முதல் வாரத்தில், நகைத் திருட்டு வழக்கு ஒன்றில் ஒரு இளைஞனை மாலையில் கொண்டுவந்தோம். தலைமைக் காவலர், “காலையில் எழுதிக்கொள்ளலாம் அம்மா” என்றார். அவர் ஒன்றும் பேசாமல் நாட்குறிப்பைத் தன் மேசைக்கு எடுத்துவரச் சொன்னார். முந்தைய பதிவுக்குக் கீழே விடப்பட்டிருந்த வெற்று வரிகளின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, கையெழுத்திட்டு, அதற்கடுத்த வரியில் ‘மாலை 6.40’ என்று தன் கையாலேயே எழுதினார். பிறகு எங்களைப் பார்த்து, “நேரத்தை நான் எழுதிவிட்டேன். இனி இவனை நடுவர் முன் நிறுத்த வேண்டிய அந்த 24 மணி நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் நான், நீங்கள் இல்லை” என்றார். அன்றிரவே பையனின் வீட்டுக்குத் தகவல் போனது. மறுநாள் அவன் நீதித்துறை நடுவர் முன் நின்றான்.

இதோடு நின்றிருந்தால், வந்த புதிதில் எல்லாரும் காட்டுகிற கெடுபிடி என்று நாங்கள் நினைத்திருப்போம். நகை மீட்பு தாமதமாகிறது என்று மேலிடத்திலிருந்து தொலைபேசியில் கடுமையாகப் பேசினார்கள். அந்த அறையில் நான் இருந்தேன். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்; வைத்துவிட்டு வெளியே வந்தவர் எங்களிடம் அதில் ஒரு சொல்லைக்கூட இறக்கவில்லை. மேலிருந்து வருகிற அழுத்தத்தைக் கீழே கடத்தாமல் தானே தாங்கிக்கொள்ளும் அதிகாரியை எங்கள் துறையில் அரிதாகத்தான் பார்க்க முடியும். லாக்கப்பில் விழுகிற அடியின் தொடக்கம் பல நேரங்களில் அந்தத் தொலைபேசியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவதாக ஒன்று நடந்தது, அதுதான் எங்களை மாற்றியது. கைதான ஒருவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை ஏற்ற காவலர் ஒருவர் மறந்துவிட்டார். ஆய்வாளர் மெமோ கொடுத்தார். விளக்கத்தை எழுத்தில் வாங்கினார், அவரை எதிரில் உட்கார வைத்து வரி வரியாகப் படித்தார், அன்று அவர் 2 இடங்களில் பந்தோபஸ்து பார்த்ததைச் சரிபார்த்தார், பிறகு சிறிய தண்டனையோடு முடித்தார். அடுத்த மாதம் ஆய்வாளரின் ஜீப் ஓட்டுநர் அதே தவறைச் செய்தபோது அவருக்கும் அதே மெமோ, அதே தண்டனை. ஓட்டுநருக்கும் அதேதான் என்ற செய்தி நிலையம் முழுக்கப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஆய்வாளர் விடுப்பில் இருந்த நாட்களிலும் யாரும் நாட்குறிப்பில் வரி விட்டு எழுதவில்லை.

எங்கள் துறையில் 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் உள்ளன. சிறிய தண்டனைக்கு ‘த்ரீ ஏ’, பெரிய தண்டனைக்கு ‘த்ரீ பி’ என்போம். ‘த்ரீ பி’ போட்டால் சாட்சி, குறுக்கு விசாரணை, எழுத்துமூல விளக்கம் எல்லாம் உண்டு. காகிதத்தில் பார்த்தால் காவலருக்கான பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஆனால் முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு நடத்துகிறார்கள் என்று ஒரு காவலர் ஒருமுறை கண்டுகொண்டால், அவர் மற்றவர்களுக்கு எதிராக நடத்தும் விசாரணையும் அதே மாதிரிதான் இருக்கும். அவருக்குத் தெரிந்த விசாரணையின் உருவமே அதுதானே.

உங்கள் அண்ணன் செய்வது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதல் நிலையத்தில் அவரிடம் இருந்த பெருமையைக் கெடுத்தவர்களுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

---

பதில் 2: குற்றவியல் ஆசிரியர்

ஆய்வு அடிப்படை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, கடந்த 20 ஆண்டுகளில் இது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. மக்கள் ஏன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்ற கேள்வியை அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990-இல் விரிவாக ஆராய்ந்தார். தண்டனைக்கு அஞ்சுவதைவிட, தம்மை நடத்தும் முறை நியாயமானது என்ற நம்பிக்கையே கீழ்ப்படிதலுக்கு வலுவான காரணம் என்பது அவர் கண்டது. பிறகு அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதே கேள்வியைக் காவலர்கள், படைவீரர்கள் பக்கம் திருப்பி, 2007-இல் வெளியிட்டார்கள். சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களே தங்கள் விதிகளுக்கு ஏன் கட்டுப்படுகிறார்கள் என்று கேட்டபோதும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: தங்கள் அமைப்பு நியாயமாக நடந்துகொள்கிறது என்று நம்புபவர்கள், யாரும் பார்க்காத இடத்திலும் விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரோந்துக் காவலர்கள் 483 பேரிடம் எடுத்த தரவை வைத்து உல்ஃபும் பிக்கெரோவும் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் துறை தங்களிடம் நியாயமாக இருக்கிறது என்று கருதியவர்கள் மீது புகார்கள் குறைவாக இருந்தன. சக காவலரின் தவறை மறைப்பதே விசுவாசம் என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. இங்கிலாந்தின் டர்ஹம் காவல்துறையிலும், அர்ஜென்டினாவில் புவனஸ் ஐரிஸ் மாநகரக் காவல்துறையிலும் செய்யப்பட்ட ஆய்வுகள் இதே திசையில்தான் செல்கின்றன. டர்ஹம் ஆய்வு இதில் ஒரு இடைக்கண்ணியையும் காட்டுகிறது. மேலதிகாரி நியாயமாக நடத்தும்போது, ‘இது என் அமைப்பு, நான் இதில் ஒருவன்’ என்ற உணர்வு காவலரிடம் வளர்கிறது. அந்த உணர்வின் வழியாகவே விதி மீதான மதிப்பும் வருகிறது. உங்கள் அண்ணன் கைநாட்டைப் பற்றிப் பெருமையோடு பேசியதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இவற்றில் பல, கருத்துக் கேட்பின் மூலம் செய்தவை. நல்ல காவலர்கள்தான் மேலதிகாரியை நல்லவர் என்று சொல்கிறார்களோ என்ற ஐயம் அங்கே எழலாம். அந்த ஐயத்துக்கு ஓரளவு விடை தருவது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2018-இல் வெளியான சோதனை. தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காவலர்களை அவர்களுடைய மேலதிகாரி அழைத்து, அண்மையில் அவர்கள் கையாண்ட ஒரு சாதாரண நிகழ்வைப் பற்றி, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், அவர்கள் என்ன நினைத்து அப்படிச் செய்தார்கள் என்று கேட்டு, பொறுமையாகப் பேசினார். நடந்தது அவ்வளவுதான், ஓர் உரையாடல். அதற்குப் பின் வந்த வாரங்களில் அந்தக் காவலர்கள் ஒரு நிகழ்வைக் கைது மூலம் முடிப்பதும், பலத்தைப் பயன்படுத்துவதும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. மேலதிகாரி தன்னிடம் பேசிய விதத்தைக் காவலர் தெருவுக்கு எடுத்துச் செல்கிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே நேரடியான சான்று.

நம் நாட்டுக்கு நெருக்கமான சான்று ராஜஸ்தானில் உள்ளது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் மாநிலக் காவல்துறையோடு இணைந்து, ஏறத்தாழ 80 லட்சம் மக்கள் வாழும் பகுதியில் 162 காவல் நிலையங்களில் சில சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். அடிக்கடி நடக்கும் இடமாற்றங்களை நிறுத்திவைத்ததும் பயிற்சி அளித்ததும் பலன் தந்தன. புகார் கொடுப்பவர்போல் வேடமிட்டு ஆய்வுக் குழுவினர் நிலையத்துக்குச் சென்று பார்த்ததும்கூடக் காவலர்களின் நடத்தையை மேம்படுத்தியது. ஆனால் சுழற்சி முறையில் வார விடுமுறை, ஊர்மக்களில் ஒருவரை நிலையத்தில் பார்வையாளராக அமர்த்துவது ஆகிய இரண்டும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. காரணம் கவனிக்கத்தக்கது: அந்த இரண்டும் நிலையத் தலைவரின் தொடர்ந்த ஒத்துழைப்பை நம்பியிருந்தன, பல இடங்களில் அவை ஒழுங்காக நடைமுறைக்கே வரவில்லை. உத்தரவு தலைநகரில் பிறந்தாலும் அது நிலைய வாசலைத் தாண்டுமா என்பது அங்கே அமர்ந்திருப்பவரைப் பொறுத்தது.

---

பதில் 3: குடியிருப்பு எண் 12

வார விடுமுறை பற்றிப் படித்ததால் எழுதுகிறேன். என் கணவர் முதல்நிலைக் காவலர். நாங்கள் காவலர் குடியிருப்பில் இருக்கிறோம். 2021-இல் தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வாரமும் அவருடைய நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். இப்போதும் நிலையத்தின் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக விடுமுறை என்றே இருக்கும். அன்று திருவிழாவோ, முக்கியப் பிரமுகர் வருகையோ, ஆர்ப்பாட்டமோ வந்துவிடும். வந்தால் போகத்தானே வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. இழந்த நாளுக்கு மாற்று நாள் என்று யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

2019-இல் வெளிவந்த இந்தியக் காவல்துறை நிலவர அறிக்கையில் நம் நாட்டுக் காவலர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகப் படித்தேன். அந்த எண்ணைப் பார்த்து எனக்கு வியப்பு வரவில்லை. 14 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் வீட்டில் குழந்தையிடமே எரிந்து விழுகிறார். நிலையத்தில் எதிரே நிற்பவரிடம் எப்படிப் பேசுவார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன், பயந்தும் இருக்கிறேன்.

---

பதில் 4: பொருநை வழக்கறிஞர்

மேலே எழுதிய மூவரின் அக்கறையையும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த உரையாடல் போகும் திசையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. கேள்வி கேட்டவர் சட்ட மாணவி என்பதால் அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

காவலரை நியாயமாக நடத்தினால் அவர் மக்களை நியாயமாக நடத்துவார் என்ற வாதம் பாதி வழிதான் போகிறது. ஒரு நிலையத்துக்குள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மிகுந்த பாசத்தோடும் பரிவோடும் இருக்கலாம். விடுப்பு முறையாகக் கிடைக்கலாம். அதே நிலையம் வெளியிலிருந்து வருபவனை அடித்து நொறுக்கவும் செய்யலாம். உள்ளே உள்ள ஒற்றுமை, உண்மையை மறைப்பதற்கான ஒற்றுமையாகவும் ஆகக்கூடும். ‘இது என் அமைப்பு’ என்ற உணர்வை ஆசிரியர் ஐயா நல்லதாக மட்டும் காட்டினார். அந்த அமைப்பு எதைப் போற்றுகிறது என்று பார்க்காமல் அந்த உணர்வை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது. மேலே சொன்ன 2019 அறிக்கையிலேயே, சிறு குற்றங்களுக்கு நீதிமன்றத்துக்குப் போவதைவிடக் காவல்துறையே சிறு தண்டனை கொடுத்துவிடுவது மேல் என்று காவலர்களில் 37 விழுக்காட்டினர் கருதியிருக்கிறார்கள். அது களைப்பினாலோ மெமோவினாலோ வந்த எண்ணமன்று, கற்றுக்கொண்ட எண்ணம்.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற காரணத்தின் பேரில் தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடமே நிலையத்துக்குள் அவமதிப்பாக நடந்துகொண்டார்கள். நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கண்காணிப்புக் கேமராப் பதிவு ஒவ்வொரு நாளும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்பது அந்த நடுவரின் அறிக்கையில் வந்தது. ஓய்வுபெற்ற ஐயா சொன்ன நாட்குறிப்பின் வெற்று வரிகளும் அன்றாடம் அழியும் அந்தப் பதிவும் ஒரே பழக்கத்தின் பழைய, புதிய உருவங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்திப் பதிவுகளை 18 மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேமராவை எந்த ஒப்பந்ததாரரும் பொருத்திவிட முடியும். பதிவு உண்மையிலேயே நிற்கிறதா என்று வாரந்தோறும் திறந்து பார்க்கும் மேலதிகாரி வேண்டும்.

அந்த நிலையத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் தான் கண்டதை நடுவரிடம் சொன்னார். சக காவலர்கள் சுற்றி நிற்கும் இடத்தில், அச்சத்தோடு, தயங்கித் தயங்கிச் சொன்னார். நியாயமான மேற்பார்வை என்று நாம் பேசுவதன் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. விடுப்புப் பட்டியலை ஒழுங்காகப் போடுவது எளிது. இரவில் ஒரு சக காவலரின் கை ஓங்கும்போது “வேண்டாம்” என்று சொல்லும் இளைய காவலருக்கு, மறுநாள் காலை யார் துணை நிற்பார்? அந்தத் துணை இல்லாத நிலையத்தில் மற்ற நியாயங்கள் அனைத்தும் உள்வீட்டு விவகாரமே.

சட்டம் போதாமல் நாம் தவிக்கவில்லை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை இட்டது. கைது குறிப்பாணையில் நேரமும் நாளும் இருக்க வேண்டும், குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து இட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்பன அவற்றில் உள்ளவை. 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரம்போல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் உண்டு என்றும் சேர்த்தே சொன்னது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராகக் கொண்ட புகார் ஆணையத்தை ஒவ்வொரு மாநிலமும் அமைக்கச் சொன்னது. நம் மாநிலம் 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையும் மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரையும் தலைவராக்கியது. வெளியிலிருந்து பார்க்கும் கண் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை, நிர்வாகமே நிர்வாகத்தைப் பார்ப்பதாக மாற்றிவிட்டோம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாணவியின் அண்ணன் நல்லவராக இருக்கலாம். பிறகு நிரப்பப்பட்ட அந்த நேரத்தால் ஒரு மனிதர் ஓர் இரவு முழுவதும் சட்டத்தின் கணக்கில் இல்லாமல் அடைபட்டிருந்தார் என்பதை யாரும் மறக்கக் கூடாது. அந்த மனிதருக்கும் வீட்டில் ஒரு தங்கை இருக்கலாம்.

---

பதில் 5: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். நான் சொன்ன ஆய்வாளரும் மென்மையானவர் இல்லை. அவரிடம் மெமோ வாங்காதவர் நிலையத்தில் மிகச் சிலரே. நியாயமான மேற்பார்வை என்றால் தட்டிக்கொடுப்பது என்று நானும் நினைக்கவில்லை. தண்டனை யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை எல்லாரும் முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் என் மனத்தில் இருப்பது.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை அரசு 1979-இலேயே ஆணையிட்டு ஒழித்துவிட்டது. அப்படியிருந்தும் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த முறையை முற்றிலும் நிறுத்தும்படி மீண்டும் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட அந்த 43 ஆண்டுகளில் அதிகாரிகளின் வீடுகளில் காய்கறி வாங்கியும் நாயைக் குளிப்பாட்டியும் கழித்த காவலர்கள், ஓர் அரசாணையின் எடை எவ்வளவு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். சீருடை அணிந்து தேர்வாகி வந்த ஒருவரைத் துணி துவைக்க வைத்துவிட்டு, மறுநாள் அவரையே நிலையத்துக்கு அனுப்பி உச்ச நீதிமன்றத்தின் 11 கட்டளைகளையும் மதிக்கச் சொன்னால், அவர் காதில் அது எப்படி விழும்? கலாச்சாரம் என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்கு இந்த வடிவில்தான் தெரியும்.

கேரளத்தில் காவலர்களுக்குச் சங்கம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இல்லை. குறையைச் சொல்ல நமக்கு இருக்கும் வழி, யார் மீது குறையோ அவர் மூலமாகவே மேலே மனு அனுப்புவதுதான்.

---

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயாவின் கடைசி வரியைப் படித்தபின் வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அது எனக்குச் சொல்லப்பட வேண்டியதே.

நேற்றிரவு அண்ணனுக்கு இந்தப் பதில்களைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பெண் ஆய்வாளர் கோடு போட்டுக் கையெழுத்திட்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னார். ஆனால் அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. அவர் ஆய்வாளர் இல்லை. நாட்குறிப்பு அவர் கையில் இல்லை. நேரத்தை எழுதாதே என்று வாய்மொழியாகச் சொன்னால், நிலையத்தின் கடைசிப் படியில் நிற்கும் ஒருவர் என்ன செய்ய முடியும்?

---

பதில் 6: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

ஒவ்வொரு காவலருக்கும் குறிப்பேடு உண்டு. பணிக்கு எப்போது கிளம்பினார், யாரோடு எங்கே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதை அவரவர் கையால் அதில் எழுத வேண்டும். பலர் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் அண்ணன் அன்றன்றைக்கே எழுதட்டும். யாரோடும் வாதாடத் தேவையில்லை. ‘மாலை 5.15-க்கு இன்னாரோடு சென்று, இன்ன இடத்திலிருந்து ஒருவரை நிலையத்துக்கு அழைத்து வந்தேன்’ என்ற ஒரு வரி போதும். தான் நேரில் பார்க்காத நேரத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டால், “நான் அப்போது பாராவில் இருந்தேன் ஐயா” என்று பணிவாகச் சொல்லி ஒதுங்கட்டும். கைது குறிப்பாணையைத் தன்னையே எழுதச் சொன்னால் குறிப்பேட்டில் உள்ள நேரத்தையே அதிலும் எழுதட்டும். இதற்காகப் பணி கடினமாகலாம், ஆயுதப்படைக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

பதில் 7: பொருநை வழக்கறிஞர்

ஐயா சொன்ன வழி நல்ல வழி. அதன் சட்ட வலிமையையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நடந்த வேளையிலோ, நினைவு மங்கும் முன்போ தன் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக்கு உரிமை உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது, புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அப்படிப் பார்க்கும் குறிப்பை எதிர்த்தரப்பும் வாங்கிப் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பதால், அடித்தல் திருத்தல் இல்லாமலும் இடையில் வெற்று வரி விடாமலும் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் ஒரே மையில் எழுதப்பட்ட குறிப்பேடு கூண்டில் எவ்வளவு விரைவில் சரியும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

---

வைகைக்கரை

சொன்னேன் ஐயா. குறிப்பேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாராம். முதல் நிலையத்தைவிட்டுக் கிளம்பிய நாளோடு அதில் எழுத்து நின்றுபோயிருந்தது. இன்று காலை 6 மணிக்குப் பணிக்குப் போகும் முன், தேதியைப் போட்டு முதல் வரியை எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.